கறுப்புத் தாய்க்கு மஞ்சள் குட்டி: லேப்ரடார் நிறங்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

நாய் வளர்ப்புப் பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லேப்ரடார் இனத்தின் நிறத்தைப் பற்றியவை. அவற்றுள் ஒரு கடிதம் இரண்டு குடும்பங்களுக்கு இடையே மனத்தாங்கலாக முற்றும் நிலையில் இருப்பதால், அதற்கே முதலிடமும் கூடுதல் இடமும் தந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஃபான் நிறப் பெட்டை லேப்ரடார் இருக்கிறது; அவளுக்குக் கறுப்பு மூக்கு. சாக்லேட் நிறக் குட்டிகள் வேண்டும் என்பதற்காகவே, தெரிந்த ஒருவரின் சாக்லேட் ஆண் நாயைத் தேடிப் போய் இணை சேர்த்தோம். பிறந்த 8 குட்டிகளும் கறுப்பு. ஒன்றுகூடத் தாயைப் போலவும் இல்லை, தகப்பனைப் போலவும் இல்லை. வேறு நாயை விட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று என் தம்பி சண்டைக்குக் கிளம்புகிறான். உண்மை என்ன? (திருப்பூர் வாசகர்)

முதலில் தம்பியை நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த நாயின் உரிமையாளர் மேல் சந்தேகப்படக் காரணமே இல்லை. சாக்லேட் நாய்க்கும் மஞ்சள் நாய்க்கும் கறுப்புக் குட்டிகள் மட்டுமே பிறப்பது லேப்ரடார் இனத்தில் முற்றிலும் இயல்பானது. ஃபான் என்று நம் ஊரில் வழங்கும் நிறத்தைத்தான் இனப் பதிவேடுகள் மஞ்சள் என்று குறிக்கின்றன. ஆகவே இங்கே மஞ்சள் என்றே எழுதுகிறேன்.

நாயின் ரோமத்தில் இருப்பவை இரண்டே நிறமிகள். கறுப்பு அல்லது பழுப்பு நிறம் தருவது யூமெலனின். மஞ்சள் முதல் செம்மை வரையிலான நிறங்களைத் தருவது ஃபியோமெலனின். லேப்ரடாரின் மூன்று நிறங்களையும் தீர்மானிப்பவை பெரும்பாலும் இரண்டு மரபணுக்கள். பதினோராவது குரோமோசோமில் இருக்கும் டிஒய்ஆர்பி1 என்ற மரபணு, யூமெலனின் நன்றாக விளைந்து கறுப்பாக வருவதற்கான புரதத்தைத் தருகிறது. தாயிடமிருந்து வந்த பிரதியும் தகப்பனிடமிருந்து வந்த பிரதியும் ஆக இரண்டுமே பழுதாக இருந்தால், கறுப்பாக வேண்டிய நிறமி பழுப்பிலேயே நின்றுவிடும். அதுதான் சாக்லேட். ஐந்தாவது குரோமோசோமில் இருக்கும் எம்சி1ஆர் என்ற மரபணுவின் வேலை வேறு. நிறமி செய்யும் செல்லின் மேற்பரப்பில் அமர்ந்து, 'யூமெலனின் செய்' என்ற தகவலை வாங்கி உள்ளே அனுப்பும் ஏற்பியை அது உருவாக்குகிறது. மஞ்சள் லேப்ரடாரில் அந்த மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால், புரதம் முழு நீளம் வளராமல் இறுதிப் பகுதி இல்லாமலே முடிந்துவிடுகிறது. இரண்டு பிரதிகளும் இப்படி இருந்தால் தகவல் உள்ளே போகாது. ரோமத்துக்கு ஃபியோமெலனின் மட்டுமே கிடைக்கும்.

சாயப்பட்டறைகளைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொட்டியில் இருக்கும் சாயம் கறுப்பா பழுப்பா என்பதை முதல் மரபணு முடிவு செய்கிறது. அந்தச் சாயத்தைத் துணியில் ஏற்றுவதா வேண்டாமா என்பதை இரண்டாவது மரபணு முடிவு செய்கிறது. உங்கள் பெட்டையின் தொட்டியில் நல்ல கறுப்புச் சாயம் இருக்கிறது, ஆனால் அது ரோமத்தில் ஏறவில்லை. இதற்குச் சான்று அவளுடைய மூக்கு. மூக்கும் உதடும் இமை விளிம்பும் ரோமத்தின் விதிக்குக் கட்டுப்படுவதில்லை. எம்சி1ஆர் பழுதான நாய்க்கும் தோலில் யூமெலனின் படியும். அவளுடைய மூக்கு கறுப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதால், கறுப்புக்கான நல்ல பிரதி குறைந்தது ஒன்றாவது அவளிடம் இருப்பது உறுதி. சாக்லேட் ஆண் நாயிடம் ஏற்றும் திறன் இருக்கிறது. தொட்டியில் இருப்பதுதான் பழுப்புச் சாயம். இப்போது ஒரு குட்டி, தாயிடமிருந்து நல்ல கறுப்புச் சாயத்தையும் தகப்பனிடமிருந்து அதை ஏற்றும் திறனையும் பெற்றால் என்ன ஆகும்? கறுப்புக் குட்டிதான். இரண்டு பண்புகளும் ஓங்கு பண்புகள் என்பதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல பிரதி போதும்.

எட்டும் கறுப்பாகப் பிறந்தது இன்னொன்றையும் சொல்கிறது. தாயிடம் பழுப்புக்கான பிரதி ஒன்று ஒளிந்திருந்தால், ஒவ்வொரு குட்டியும் சாக்லேட் சாயத்தோடு பிறக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அப்படி இருந்தும் 8 குட்டிகளும் கறுப்பாக வருவதற்கு 256-ல் 1 வாய்ப்புதான் உண்டு. ஆகவே உங்கள் பெட்டையிடம் சாக்லேட் மரபு அநேகமாக இல்லை. அதே கணக்கின்படி அந்த ஆண் நாயிடம் மஞ்சள் மரபும் அநேகமாக இல்லை. இந்த இணையில் எத்தனை முறை முயன்றாலும் சாக்லேட் குட்டியை எதிர்பார்க்க முடியாது. ஆனால் இந்தக் கறுப்புக் குட்டிகள் ஒவ்வொன்றும் தகப்பனின் பழுப்புப் பிரதியையும் தாயின் மஞ்சள் பிரதியையும் தவறாமல் சுமந்திருக்கின்றன. இவற்றுள் ஒன்று வளர்ந்து, இதே மரபுக் கலவை உள்ள, உறவில்லாத வேறொரு கறுப்பு நாயோடு சேர்ந்தால் மூன்று நிறங்களும் ஒரே ஈற்றில் வரலாம்.

பருவ காலத்தில் பெட்டை வெளியே போயிருந்து, உங்களுக்கு உண்மையான ஐயம் இருக்குமானால், தாய், தகப்பன், குட்டிகள் ஆகியவற்றின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துப் பெற்றோர் டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பலாம். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு தகப்பன்கள் இருப்பதும் நாய்களில் உண்டு. இவற்றைத் தீர்க்கக்கூடியது அந்தச் சோதனைதான். நிறத்தை வைத்து ஒருவர் மேல் பழி சுமத்தக் கூடாது.

இரண்டு கறுப்பு லேப்ரடார்களுக்குப் பிறந்த 9 குட்டிகளில் 7 கறுப்பு, 2 மஞ்சள். மஞ்சள் குட்டிகள் கலப்பினம் என்று வாங்க வந்தவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மஞ்சள் லேப்ரடார் தனி இனமா? (நாகர்கோவில் வாசகி)

இல்லை. ஒரே இனம், ஒரே ஈற்று, ஒரே பால் குடித்த குட்டிகள். வாங்க வந்தவர் சொன்னதற்கு இனத்தின் வரலாறே மறுப்பு.

லேப்ரடாரின் மூதாதை, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களுக்கு வலையும் மீனும் இழுத்துக்கொடுத்த செயின்ட் ஜான்ஸ் நாய். மார்பிலும் பாதத்திலும் வெள்ளை கொண்ட கறுப்பு நாய் அது. மீன் வணிகக் கப்பல்களில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்த அந்த நாய்களை, மால்ம்ஸ்பரி பிரபு குடும்பமும் ஸ்காட்லாந்தின் பக்லூ பிரபு குடும்பமும் வேட்டைக்காக வளர்த்து இன்றைய இனமாக நிலைப்படுத்தின. அக்காலத்தவர் கறுப்பையே விரும்பினார்கள். மஞ்சளாகவும் பழுப்பாகவும் பிறந்த குட்டிகளை ஒதுக்கினார்கள்; கொன்றதும் உண்டு என்பதை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. மஞ்சள் லேப்ரடார் என்று முதன்முதலில் பதிவு பெற்ற பென் ஆஃப் ஹைட் 1899-இல் பிறந்தவன். அவனுடைய தாயும் கறுப்பு, தகப்பனும் கறுப்பு. உங்கள் வீட்டில் இப்போது நடந்தது அப்போதே நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் கென்னல் கிளப் இந்த இனத்தை அங்கீகரித்தது அதற்குப் பின்னர், 1903-இல்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். உங்கள் இரண்டு கறுப்பு நாய்களும் தலைக்கு ஒரு மஞ்சள் பிரதியை மறைத்து வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட இணைக்கு நான்கில் ஒரு குட்டி மஞ்சளாக வரும் என்பது எதிர்பார்ப்பு. 9-ல் 2 என்பது அதற்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் எதிர்பார்ப்பு என்பது உத்தரவாதம் அன்று. இதே இணைக்கு 8 குட்டிகள் பிறந்து, அவற்றுள் ஒன்றுகூட மஞ்சளாக இல்லாமல் போவதற்கும் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. "போன ஈற்றில் இப்படி வரவில்லையே" என்று பலர் குழம்புவது இதனால்தான். பெற்றோர் இருவரிடமும் சாக்லேட் பிரதியும் மறைந்திருந்தால், 16 பங்கில் 9 கறுப்பு, 3 சாக்லேட், 4 மஞ்சள் என்று பிரியும். பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடிக்குப் படித்த 9:3:3:1 இங்கே 9:3:4 ஆகிறது. ஏனென்றால் சாயம் ரோமத்தில் ஏறாத குட்டிக்கு, அது கறுப்புச் சாயமா பழுப்புச் சாயமா என்ற வேறுபாடு ரோமத்தில் தெரிய வழியில்லை.

மாறாக, இரண்டு மஞ்சள் லேப்ரடார்களுக்குக் கறுப்புக் குட்டி பிறந்ததாக யாராவது காட்டினால், அப்போது கேள்வி கேட்கலாம். மஞ்சளுக்கு மஞ்சள்தான் பிறக்கும். சாக்லேட்டுக்கும் சாக்லேட்டுக்கும் சாக்லேட்டோ மஞ்சளோ பிறக்கலாம், கறுப்பு பிறக்காது.

வெள்ளை லேப்ரடார், ரெட் லேப்ரடார் என்று தனித்தனியாக விளம்பரம் செய்கிறார்களே? (கரூர் வாசகர்)

இரண்டும் மஞ்சளே. வெளிறிய பாலேட்டு நிறம் முதல் நரியின் செம்மை வரை எல்லாமே மஞ்சள் என்ற ஒரே பெயரின் கீழ்தான் பதிவாகின்றன. ஃபியோமெலனின் எவ்வளவு அடர்த்தியாகப் படிகிறது என்பதை வேறு சில மரபணுக்கள் கூட்டாக முடிவு செய்கின்றன. குட்டி வளர்ந்தால் எந்த அளவு நிறம் வரும் என்று அறிய விரும்பினால் காதைப் பாருங்கள். உடலைவிடச் சற்று அடர்ந்திருக்கும் காதின் நிறம் பெரும்பாலும் வளர்ந்த நாயின் நிறத்தைக் காட்டிவிடும்.

எங்கள் மஞ்சள் லேப்ரடாரின் கறுப்பு மூக்கு மார்கழியில் வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டது. பக்கத்து வீட்டு மஞ்சள் லேப்ரடாருக்குப் பிறவியிலேயே பழுப்பு மூக்கு. இரண்டும் ஒரே குறையா? (குன்னூர் வாசகி)

இரண்டும் வேறு வேறு. உங்கள் நாய்க்கு நேர்ந்திருப்பதைப் பனிமூக்கு என்பார்கள். குளிர்காலத்தில் மூக்கின் நடுப்பகுதியில் நிறமி குறைந்து, வெயில் காலத்தில் திரும்ப அடர்வது மஞ்சள் லேப்ரடார்களிடம் அடிக்கடி காணப்படுவது. மூக்கின் மேற்பரப்பு வழக்கம்போல் சொரசொரப்பாகவும் ஈரமாகவும் இருக்கும்வரை கவலைப்பட வேண்டாம். ஆனால் அந்தச் சொரசொரப்பு மறைந்து வழவழப்பானாலோ, வெடிப்பு, புண், பொருக்கு ஏதேனும் தென்பட்டாலோ அது நிற மாற்றம் மட்டும் அன்று. தோல் நோயாக இருக்கலாம் என்பதால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பக்கத்து வீட்டு நாயின் கதை மரபணுவில் இருக்கிறது. சாயம் ரோமத்தில் ஏறாத மஞ்சள், தொட்டியில் இருப்பதும் பழுப்புச் சாயம். அதாவது இரண்டு மரபணுக்களும் இரண்டு பிரதிகளிலும் ஒடுங்கு நிலையில் இருக்கின்றன. முன்னே சொன்ன 16 பங்கில் 1 பங்கு இதுதான். மூக்கு, உதடு, இமை விளிம்பு எல்லாம் பழுப்பாகவும் கண் சற்று வெளிறியும் இருக்கும். ஆங்கிலேய வளர்ப்பாளர்கள் இத்தகைய நாயை டட்லி என்று அழைக்கிறார்கள். அமெரிக்கன் கென்னல் கிளப்பின் இன இலக்கணம், மஞ்சள் நாய்க்குக் கறுப்பு மூக்கையே எதிர்பார்க்கிறது; மூக்கு வெளிறுவதைக் குறையாகக் கொள்வதில்லை; முழுதும் இளஞ்சிவப்பான, நிறமியே இல்லாத மூக்கைத் தகுதிநீக்கம் செய்கிறது. கண்காட்சிக்குப் போகாத வீட்டு நாய்க்கு இவை எதுவும் பொருட்டில்லை. பழுப்பு மூக்கால் அந்த நாயின் மோப்பமோ பார்வையோ குறையாது.

சில்வர் லேப்ரடார் அரிய வகை என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். வாங்கலாமா? (சென்னை வாசகர்)

நிறத்துக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

வெள்ளி நிறம் நான்காவது நிறம் அன்று, வெளிறிய சாக்லேட். இருபத்தைந்தாவது குரோமோசோமில் உள்ள எம்எல்பிஎச் என்ற மரபணு, நிறமித் துகள்கள் செல்லுக்குள் சீராகப் பரவ உதவுகிறது. இரண்டு பிரதிகளும் பழுதானால் துகள்கள் ஆங்காங்கே திரண்டு கட்டியாகின்றன. நிறமி இருந்தும் ரோமம் சாம்பல் பூத்தாற்போல் வெளிறித் தெரிகிறது. இவ்வாறு வெளிறிய சாக்லேட்டை சில்வர் என்றும், வெளிறிய கறுப்பைச் சார்கோல் என்றும், வெளிறிய மஞ்சளைச் ஷாம்பெயின் என்றும் விற்கிறார்கள். சர்வதேச அமைப்பான எஃப்சிஐயின் இலக்கணத்தில் லேப்ரடாருக்கு உரிய நிறங்கள் கறுப்பு, மஞ்சள், சாக்லேட் ஆகிய மூன்று மட்டுமே. அமெரிக்காவில் சில்வர் நாய்கள் சாக்லேட் என்ற பெயரில் பதிவாவதும், இனம் முழுவதும் இந்த வெளிறிய மரபைக் கொண்ட வைமரானர் நாயின் கலப்பு முன்பு நேர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதிடுவதும் பல ஆண்டுகளாக நடக்கும் சண்டை.

எனக்கு அந்தச் சண்டையைவிட நாயின் தோல் முக்கியம். வெளிறிய நிறமுள்ள நாய்கள் சிலவற்றுக்கு, திரண்ட நிறமிக் கட்டிகளால் ரோமக்கால்கள் சிதைந்து, குட்டிப் பருவம் கடந்ததும் முதுகிலும் விலாவிலும் முடி உதிரத் தொடங்கும். தோல் வறண்டு, செதிலுதிர்ந்து, கிருமித் தொற்றும் சேரும். உதிர்ந்த முடியை மீட்கும் மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் பராமரிப்புதான். அப்படி அவதிப்படும் நாயை மருத்துவமனைத் திண்ணையில் பார்த்தவர்கள் அரிய வகை என்ற சொல்லுக்கு மயங்க மாட்டார்கள். இந்தக் குட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். எல்லா சில்வர் நாய்களுக்கும் முடி உதிர்வதில்லை. புள்ளிகளும் திட்டுகளும் கொண்ட மெர்ல் லேப்ரடார் என்று யாரேனும் விற்றால், அந்த மரபு இந்த இனத்தில் இல்லாதது என்பதால், அது கலப்பினம் என்றே கொள்ளுங்கள்.

சாக்லேட் லேப்ரடாருக்கு ஆயுள் குறைவு என்று படித்தேன். எங்கள் வீட்டில் இருப்பது சாக்லேட்தான். பயமாக இருக்கிறது. (மதுரை வாசகி)

நீங்கள் படித்தது பெரும்பாலும் 2018-இல் வெளியான ஆய்வைப் பற்றிய செய்தியாக இருக்கும். பிரிட்டனில் உள்ள கால்நடை மருத்துவமனைகளின் பதிவுகளிலிருந்து 33,000-க்கும் அதிகமான லேப்ரடார்களை எடுத்துக்கொண்டு, லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரியும் சிட்னி பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு அது. சாக்லேட் நாய்களின் இடைநிலை ஆயுள் 10.7 ஆண்டுகள்; மற்ற நிறங்களுக்கு 12.1 ஆண்டுகள். காது அழற்சி கறுப்பு நாய்களில் 12.8 சதவீதம், மஞ்சளில் 17 சதவீதம், சாக்லேட்டில் 23.4 சதவீதம் என்று இருந்தது. நக்கிக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் ஈரச் சிரங்கும் சாக்லேட்டில் கூடுதல்.

எண்கள் உண்மை, ஆனால் பழுப்பு நிறமியே நோய் தருகிறது என்று அவற்றுக்குப் பொருள் இல்லை. சாக்லேட் குட்டி வேண்டுமென்றால் பெற்றோர் இருவரிடமும் பழுப்புப் பிரதி இருந்தாக வேண்டும். அந்த நிறத்தையே குறிவைத்து இணை சேர்ப்பவர்கள், சிறிய வட்டத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்க்கும்போது, காதுக்கும் தோலுக்கும் கேடு செய்யும் பிற மரபணுக்களும் கூடவே திரண்டிருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். உங்கள் செல்லத்துக்குச் செய்ய வேண்டியது எளிது. குளித்த பிறகும் நீந்திய பிறகும் காதை நன்றாக உலர்த்துங்கள், வாரம் ஒருமுறை காதின் உள்ளே முகர்ந்து பாருங்கள், கெட்ட வாடையோ தலையாட்டலோ இருந்தால் உடனே காட்டுங்கள், எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடைநிலை என்பது பெருங்கூட்டத்தின் கணக்கு. உங்கள் நாயின் நாட்களை அது எண்ணிச் சொல்லவில்லை.

ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் போல லேப்ரடாரில் இருவண்ண நாய்கள் ஏன் இல்லை? (தஞ்சாவூர் மாணவர்)

நல்ல கேள்வி. உண்மையில் லேப்ரடாரிடமும் அந்த இருவண்ண மரபு அடியில் கிடக்கிறது, வெளிப்படத்தான் வழியில்லை. ராட்வைலரின் புருவப் பொட்டும் மார்புத் திட்டும் அகூட்டி என்ற மரபணுவின் வேலை. அது தரும் புரதம் உடலின் சில இடங்களில் எம்சி1ஆர் ஏற்பியை அடைத்து, அங்கே மட்டும் மஞ்சள் நிறம் வரச் செய்கிறது. லேப்ரடாரில் இதற்குத் தடையாக நிற்பது பதினாறாவது குரோமோசோமில் உள்ள மற்றொரு மரபணு. அதன் புரதம் அதே ஏற்பியில் தான் போய் அமர்ந்துகொண்டு, அகூட்டிக்கு இடம் தராமல் உடல் முழுவதும் யூமெலனின் விளையச் செய்கிறது. இந்தப் புரதம் பீட்டா டிஃபென்சின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை 2007-இல் கண்டுபிடித்தார்கள். கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் என்றே அதுவரை அறியப்பட்ட குடும்பம் அது! வட அமெரிக்காவின் கறுப்பு ஓநாய்களுக்கு அந்த நிறம் வந்ததும் இதே மாற்றத்தால்தான் என்றும், நாய்களோடு ஏற்பட்ட பழைய கலப்பின் வழியே அது ஓநாய்களுக்குப் போனது என்றும் 2009-இல் தெரிய வந்தது. யெல்லோஸ்டோன் காட்டில் திரியும் கறுப்பு ஓநாயும் உங்கள் தெருவின் கறுப்பு லேப்ரடாரும் ஒரே காரணத்தால் கறுப்பு.

அந்தத் தடை இல்லாத பிரதி எப்போதாவது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும்போது, கறுப்பு உடலில் பழுப்புப் பொட்டுகளோடு லேப்ரடார் குட்டி பிறப்பதுண்டு. மிக அரிது.

எங்கள் கறுப்புக் குட்டிக்கு மார்பில் சிறிய வெள்ளைப் பொட்டும் பாதத்தின் அடியில் சில வெள்ளை முடிகளும் உள்ளன. கலப்பா? (ஈரோடு வாசகர்)

கலப்பு அன்று. கருவில் முதுகுப் பக்கம் தோன்றும் நிறமிச் செல்கள் உடலைச் சுற்றி இறங்கி வரும்போது கடைசியாகச் சேரும் இடங்கள் மார்பும் பாதங்களும்; சில செல்கள் வந்து சேராமல் போனால் அங்கே வெள்ளை நிற்கும். மார்பில் சிறு வெள்ளையை இன இலக்கணமே அனுமதிக்கிறது. பாதத்தடி வெள்ளை முடிக்கோ பெருமையான பெயரே உண்டு: கண்காட்சி, வேட்டைக்களம் இரண்டிலும் பட்டம் வென்ற முதல் லேப்ரடாரான பான்சரி போலோவின் நினைவாக அதைப் போலோ பாதம் என்கிறார்கள்.

இணை சேர்க்கும் முன் நிறத்துக்கான மரபணுச் சோதனை அவசியமா? (சேலம் வாசகர்)

அவசியம் இல்லை; விருப்பம் இருந்தால் செய்யலாம். ஆனால் அதே பஞ்சுக்குச்சி மாதிரியிலேயே, கடும் ஓட்டத்துக்குப் பின் பின்னங்கால் தளர்ந்து விழச் செய்யும் குறைபாட்டுக்கும், படிப்படியாகப் பார்வையைப் பறிக்கும் விழித்திரைச் சிதைவுக்கும் சோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டும் மஞ்சள் நிறத்தைப் போலவே ஒடுங்கு மரபுகள். நலமாகத் தெரியும் இரு நாய்களிடமிருந்து, முன்னறிவிப்பின்றி நான்கில் ஒரு குட்டிக்கு வரக்கூடியவை. ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாயை விலக்க வேண்டியதில்லை. அந்தப் பிரதி அறவே இல்லாத நாயோடு மட்டும் சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது. இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயையும் இரண்டு நாய்களுக்கும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்; அதை எந்த மரபணுச் சோதனையும் ஈடுசெய்யாது.